எண்ணெய் படாத தீனி

தீனி வியாபாரத்தில் சரக்கைச் செய்வது சுலபம். தின்கிற ஒவ்வொருவரும் சொல்லும் யோசனையைக் கேட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு நிற்பதுதான் கஷ்டம். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் வந்து நிற்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே புகையில் கண் கலங்கியவர்கள் நாம். என் பங்குக்குக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆபீஸுக்குக் கும்பிடு

எழுபதுகளின் கடைசி. மெட்ராசில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக ஸ்டெனோவாக இருந்தேன். லீவில் ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வருவேன். துரை அண்ணன் பட்டு நெய்கிறவர். காலையில் தறிக்குழியில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் ஏறுவார். நாலு மணிக்கு அவருக்குப் பசிக்கும். தெரு முழுக்க அப்படித்தான். ஆனால் டீயைத் தவிர அந்த நேரத்தில் எதுவும் வராது. வீட்டுக்கு வீடு தறி இருக்கிற இடத்தில் நாலு மணித் தீனி செய்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியது போகவே இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, தடுக்கவும் ஆளில்லை. ராஜினாமாக் கடிதத்தை நானே டைப் அடித்து நீட்டினேன். மானேஜர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"தீனி விக்கவா மிஸ் வசந்தா, நிமிஷத்துக்கு நூத்திருபது வார்த்தை சுருக்கெழுத்து கத்துக்கிட்டீங்க?"

நகக்கண் அளவு

சேவூருக்கே வந்து சேர்ந்து, முதலில் முறுக்கு போட்டேன். தெருவே நன்றாக இருக்கிறது என்றது. நான் தரையில் நடக்கவில்லை.

முறுக்கைத் தின்றுவிட்டு அண்ணன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டுதான் மறுபடி ஊடை ஓட்டும் நாடாவைத் தொட்டார். அப்படியும் மாம்பழ நிறச் சேலையில் நகக்கண் அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை. நூல் கொடுத்து நெய்யச் சொன்ன வியாபாரி சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்து செய்த வேலை. ஊரில் ஏன் யாரும் இதுவரை தறிக்குத் தீனி கொண்டுபோகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணனே சொன்னார்:

"நல்லா இல்லன்னா ஒண்ணோட நிறுத்தியிருப்பேன் வசந்தா. நல்லா கீது பாரு, அதான் பேஜாரு."

அடுத்த வாடிக்கையாளர்

எண்ணெய்தானே சிக்கல் என்று, தெரிந்த ரொட்டி அடுப்பு ஒன்றில் கேட்டுக்கொண்டு கார ரஸ்க் போட்டேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் கடித்தால் தூள் கொட்டியது. தூள் கொட்டிய தறிக்குழிக்கு எலி வரும். வந்த எலி ரஸ்க்கோடு நிற்காது, பட்டு இழையையும் கடிக்கும். மூன்றாம் நாள் அண்ணி விளக்குமாறும் கையுமாகத் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தாள்.

"எலிக்குத் தனியா ஒரு பொட்டலம் மடிச்சுக் குடுத்துடும்மா, அது வேற வீட்டாண்ட போய்த் துன்னட்டும்."

மூக்கும் நோட்டும்

எண்ணெயும் கூடாது, தூளும் கூடாது, இனிப்பு வைத்தால் எறும்பு. மிச்சம் இருந்தது கடலை. உப்பு, மிளகு, ஓமம், பூண்டு அரைத்த தண்ணீரில் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி, சூடான மணலில் வறுப்பது. உப்பும் காரமும் உள்ளேயே இறங்கிவிடும்; விரலில் ஒட்டாது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்தபோது முதல் ஏழு ஈடும் கரி.

பொரிக்கடையில் வேலை பார்த்த முனியம்மாவைச் சேர்த்துக்கொண்டேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள். மணல் பதத்தை வாசனையிலேயே சொல்வாள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை நிமிஷம், எத்தனை கிளறல் என்று சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, கோழி கிளறின மாரி கீது? நீ எழுதி முடிக்கறதுக்குள்ள கடலை கருகிடும், ஜல்தி எழுந்து ஜல்லடையப் புடி!"

நயினார் கேட்ட கேள்வி

கடலை நிலைத்தது. கூரைக் கொட்டகை ஒன்று பிடித்து ஓமக்கடலை என்று போர்டும் மாட்டினேன். ஒரு நாள் பாத்திரக்கடை நயினார் வந்தார். பரம்பரை ஜைனக் குடும்பம். பொழுது இறங்குமுன் சாப்பிட்டு முடித்துவிடுகிறவர். பொட்டலத்தைக் கையில் வாங்கி, முகர்ந்துவிட்டு, திருப்பி வைத்தார். "பூண்டு போட்டிருக்கீங்களா?" என்றார்.

போட்டிருந்தேன். உங்களுக்கு மட்டும் புதுச் சட்டியில், புது மணலில், பூண்டு இல்லாமல் தனியாக வறுத்துத் தருகிறேன் என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில்தான் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தனியா செஞ்சா என்னைக்காவது மறந்து மாத்திக் குடுத்துடுவீங்கம்மா. எல்லாருக்குமே எடுத்துட்டு ஒரு வாரம் பாருங்களேன், எத்தனை பேர் கேக்கறாங்கன்னு."

ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு இன்றும் கொஞ்சம் கூச்சம்.

பெரணமல்லூர் பஸ்

வெளியூர்க் கடைகளுக்கு டின்னில் அடைத்து நானே பஸ்ஸில் கொண்டுபோவேன். ஒரு தரம் பெரணமல்லூர் போகும்போது மூடி சரியாக மூடவில்லை போலிருக்கிறது. பாதி வழியில் வாசனை பிடித்து ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார், அளந்து கொடுத்தேன். அப்புறம் பின்சீட்டுக்காரர்கள் கேட்டார்கள். இறங்குகிற இடம் வந்தபோது கடைக்குக் கொடுக்கச் சரக்கில்லை. கண்டக்டர் கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"தேசூருக்கும் போறதா இருந்தா நம்ம வண்டியிலயே வாங்க, கூட்டம் ஏறும்."

வெயில் இல்லாத பத்து நாள்

அந்த வருஷ ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஊறப்போட்ட கடலை உலரவில்லை; முளை விட்டது, பிறகு நாறியது. மூட்டை மூட்டையாகக் குப்பைக்குழியில் கொட்டினோம். கொட்டகையைப் பூட்டினேன். ஐந்தாம் நாள் பேப்பரில் வேலை விளம்பரம் பார்த்தேன். எட்டாம் நாள் ஒரு விண்ணப்பமும் எழுதி உறையில் போட்டுவிட்டேன். முனியம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

பத்தாம் நாள் குடையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எல்லாரும் பக்கத்துத் தெருக்களில் நெய்கிறவர்கள். முன்கூட்டியே பணம் கட்டியவர்களோ என்று பயந்தேன். யாரும் கட்டியிருக்கவில்லை. கடலையை அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டில் பரப்பினால் அந்தச் சூட்டிலேயே காயுமே என்று ஒருவர் சொன்னார். மூங்கில் தட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். முனியம்மா அதற்குள் கொட்டகையைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். நான் அந்த உறையை எங்கே வைத்தேன் என்று அதற்கப்புறம் தேடவே இல்லை. கூட்டத்தில் இருந்த ஓர் அம்மாள் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே என்னைக் கடிந்துகொண்டாள்:

"மூடறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடக் கூடாதா? நாலு மணி ஆனதே தெரியாம பத்து நாளா நெய்துகினு கிடக்கறோம்!"

மொத்தத்தில், முதல் தேதி சம்பளம் தந்த ஒரே ஒரு முதலாளியை விட்டுவிட்டு, தினமும் உரிமையோடு திட்டுகிற ஓர் ஊர் நிறைய முதலாளிகளிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், இவர்கள் என்னை ரிடையராக விடுவார்கள் என்று தோன்றவில்லை.