கனகு அண்ணை அமத்தின பட்டன்

கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போடுவதை விட்டுப் போனுக்குள் போடத் தொடங்கினார்களே, அன்றைக்குப் பிறந்ததுதான் எங்கள் வேலை. வீட்டில் யாருக்காவது ஒரு தரம் போனைத் திறந்து காட்டிவிட்டு, ஆயுளுக்கும் அகப்பட்டுக்கொண்ட அத்தனை பேருக்கும் வணக்கம். நீங்களும் என் இனந்தான்.

பிள்ளைகள் வளர்ந்து தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனபின், நோர்வேயில் புருசெத் என்ற இடத்தில் அக்கம்பக்கத்துச் சனத்துக்கான உதவி மேசையில் கிழமையில் இரண்டு நாள் இருக்கிறேன். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. இதே மேசைக்கு உதவி கேட்டு வந்துதான் நானும் பழகினேன். வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கட சனம்; ஊரில் தோட்டம் செய்தவர்கள், கடலுக்குப் போனவர்கள். ஒரு முறை “முருகா” என்றுவிட்டுத்தான் கணினியைத் திறப்பேன். பல நாட்களில் அது கணினிக்காக அல்ல.

முகத்தைத் திருப்பு

எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. வந்தவர் பாஸ்வேர்ட் போடும்போது நாங்கள் பார்க்கக்கூடாது, முகத்தை மற்றப் பக்கம் திருப்ப வேண்டும். கனகு அண்ணையும் அவர் மனைவி செல்வமலர் அக்காவும் வந்த அன்றும் நான் ஒழுங்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கனகு அண்ணை எழுபது தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக தன் போனில் ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அமத்தினார். “முருகன்ரை பேர் போட்டாச்சு. இனி நான் பிறந்த வருசம்…” வருசமும் வந்தது. வரிசையில் இருந்த ஒருவர் எழும்பியே விட்டார்.

“அண்ணை, வருசத்தை விட்டால் என்ரையும் அதுதான்!”

சட்டைப் பையில் ஒரு கடிதம்

வந்த விசயம் செல்வமலர் அக்காவின் கண். ஒரு கண்ணைச் சீனி வருத்தம் முன்னமே கொண்டுபோய்விட்டது. மிச்சக் கண்ணில் புரை. போன மாரியிலிருந்து ஒப்பறேசனுக்குக் காத்திருக்கிறா. கறிக்கு உப்புப் போட்டேனோ இல்லையோ என்று நாக்கில் வைத்துத்தான் பார்க்கிறா. பேருந்து வந்தால் எத்தனையாம் இலக்கம் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறா.

“உங்கட போன் எங்கை அக்கா?” என்றேன். அது கனகு அண்ணையின் சட்டைப் பையிலிருந்து வந்தது. எங்கட வீடுகளில் அது வழக்கந்தானே. “புது நாள் வந்திட்டுதோ பார் தங்கச்சி” என்றார். புது நாளென்றால் பழைய நாள் ஒன்று இருந்திருக்க வேண்டுமே! கேட்டேன். மனுசன் மெல்லச் சொன்னார். “வாற வியாழன் எண்டு போட்டிருந்தது. கலண்டரைப் பாத்தன், அட்டமி. வேறை நாள் தருவாங்கள்தானே எண்டு, வேண்டாம் எண்டதை அமத்திவிட்டன்.”

திறந்து பார்த்தேன். நேரம் நீக்கப்பட்டது என்று இருந்தது. புது நாள் ஒன்றும் இல்லை. திரும்பவும் வரிசையின் வால். செல்வமலர் அக்கா புருசன் இருந்த பக்கம் திரும்பினா.

“ஒப்பறேசனுக்கு நாள் வந்தது எனக்குத் தெரியாது, அட்டமிக்குத் தெரிஞ்சிருக்கு!”

பெரித் கேட்ட கேள்வி

எங்கள் மேசைக்குப் பொறுப்பான பெரித் நோர்வேக்காரி, நல்ல மனம் உள்ளவள். ஏன் ரத்துச் செய்தார்கள் என்று கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல? கனகு அண்ணையை ஏச எனக்கு வாய் வரவில்லை. அட்டமி நவமியில் நானும் ஒரு நல்ல காரியம் தொடங்கமாட்டேன். மகள் வீடு குடிபுகுந்ததும் நாள் பார்த்துத்தான்.

எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், பிறை வளர்ந்தாலும் தேய்ந்தாலும் எட்டாம் நாள் எங்களுக்கு ஆகாது என்றேன். சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் தொலைபேசியை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

“பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமையில் என் அம்மா பல்லுக்கூடப் பிடுங்கப் போகமாட்டா, நீ ஆஸ்பத்திரிக்கு அடி.”

ஓம் சொன்னது யார்?

அடித்தேன். பாட்டு ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. நான் மனதுக்குள் கந்தனைக் கூப்பிட்டபடி இருந்தேன். ஒருத்தி எடுத்தாள். நோயாளிதான் கதைக்க வேண்டும் என்றாள். சத்தத்தைக் கூட்டிப் போனை அக்காவின் கையில் கொடுத்தேன். எந்த இடத்திலும் புருசனைக் கதைக்கவிட்டு ஒதுங்கி நிற்கிற மனுசி அவ. ஒரு மூச்சு இழுத்தா, பிறகு உடைந்த நோர்வே மொழியில் தானே தொடங்கினா. “நான் வேண்டாம் சொல்லேல்லை. மனுசன் அமத்தினவர். கண் தெரியாதது எனக்கு, பிழையா அமத்தினது அவர்.”

மறுபக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு தட்டச்சுச் சத்தம். வியாழன் இடம் போய்விட்டதாம். ஆனால் அடுத்த நாள் காலை ஒருவர் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமை வரலாமா என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. கனகு அண்ணையோ விரலை மடித்தார். அட்டமிக்கு அடுத்த நாள் வேறென்ன? “ஐயோ செல்வம், நவமி! பொறு, பொறு” என்று எழும்பினார். அதற்குள் போன் வைத்தாயிற்று.

“நான் ‘யா’ எண்டு சொல்லிப்போட்டன், நீங்கள் வேணுமெண்டால் நவமியோடை கதையுங்கோ.”

வெள்ளிக்கிழமை

அன்று விடிய விளக்கேற்றி, “முருகா, நாளைப் பாராதை, அவவைப் பார்” என்று கேட்டேன். மேசையில் இருந்தாலும் கண் என் போனிலேயே கிடந்தது. ஒருவருக்கு அச்சுப் பிரதி எடுக்கப் போய், வெறும் தாளாக எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் கனகு அண்ணை போன் எடுத்தார். எடுத்த உடனே மூக்கைச் சிந்தினார். பயந்துபோனேன்.

“தங்கச்சி, கட்டோடை இருந்து தேத்தண்ணி குடிக்கிறா, சீனி போட்டால் ஏச்சும் விழுது.”

பிறகு

அடுத்த மாதம் இரண்டு பேரும் வந்தார்கள். செல்வமலர் அக்கா கதிரையில் இருந்து, போனைத் தன் கைப்பையிலிருந்து எடுத்தா. எழுத்தைக்கூடப் பெரிதாக்கவில்லை. ஒவ்வொரு கடிதமாகத் திறந்து, கூட்டிக் கூட்டி வாசித்தா. கண் பரிசோதனை, தடுப்பூசி, பல்லு வைத்தியர். “இதெல்லாம் வந்ததே? ஒண்டும் வரேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்” என்று கேட்டுக்கொண்டே போனா. கனகு அண்ணை யன்னலால் நிலக்கீழ் ரயில் நிலையத்தைப் பார்த்தார். கடைசியாக அக்கா அவர் பக்கம் கையை நீட்டினா.

“உங்கட போனையும் தாங்கோ, இனி ரெண்டு பேற்றையும் நான்தான் வாசிப்பன்.”

இவ்வளவு நடந்தும், எங்கள் மேசைக்கு மேலே எழுதியிருப்பது “போன், கணினி உதவி” என்று மட்டுந்தான்.