பகவதியப்பனுக்கு வாய்த்த குழல்

பகவதியப்பனின் வலது கை முழங்கைவரை ஓர் இரும்புக் குழாய்க்குள் இருக்கிறது. இடம், துட்டி கேட்கப் போன சாவு வீட்டின் கொல்லைப்புறம். முன்கட்டில் பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். இவர் குழாயின் உட்புறத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, தேடி வந்த வீட்டுக்காரரிடம் மிகுந்த துக்கத்தோடு கேட்கிறார்: “இது இஞ்ச சும்மாதான கெடக்கு?”

அருமனைச் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் அவருக்கு. மாட்டுவண்டியில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிக் கடற்கரைப் பக்கம் போவார். திரும்பும்போது வண்டியில் துரு வாசனைதான் வரும். தேங்காய்ப்பட்டணத்தில் உடைத்த தோணியின் குழாய், சீமைக்குக் கப்பலேறும் மணலைச் சலிக்கிற மணவாளக்குறிச்சியில் எவனோ எடைக்குப் போட்ட உருளை, யார் வீட்டுக் கிணற்றிலிருந்தோ பிடுங்கிய பம்புத் துண்டு என்று முற்றமெல்லாம் இரும்பு. அவருடைய மனைவி தாணம்மாள் அவற்றின் மேல்தான் மிளகாய் காயப்போடுகிறார். “எனக்கு ஒண்ணு ஆச்சுண்ணா கெடத்தியதுக்கும் வீட்டுல எடம் கெடயாது, பாத்துக்கிடுங்க” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் முறையிடுவார். பகவதியப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

இத்தனையும் எதற்கு? கதினாவுக்கு. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் தரையில் நிறுத்தி வெடிமருந்து கெட்டித்து வெடிக்கிற இரும்புக் குழலைத்தான் சொல்கிறேன். பரம்பரைத் தொழிலா என்றால் இல்லை. கூலி உண்டா என்றால் அதுவும் இல்லை. சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் கோழிச்சண்டை; இவருக்குக் கதினா. ஊர்க் கொடைக்கு வெடி போடுவது தன் பொறுப்பு என்று அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஊரும் சரி என்று விட்டுவிட்டது.

போன வருடம்வரை. போன வருடம் கொடையின் முதல் வெடிக்குக் குழல் அசையாமல் நின்றது. இரண்டாவது வெடிக்கு அது இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி பந்தல் காலை முறித்து, மறுபாதி பாயசப் பானைக்குள் போய் இறங்கியது. அம்மன் புண்ணியத்தில் ஆளுக்கு ஒரு கீறலும் இல்லை. கோயில் காரியஸ்தர் தாணுலிங்கம் பாயசத்திலிருந்து இரும்பை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதுதான் பகவதியப்பனுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகவே வீட்டுக்குப் போனார். பார்க்கவே பாவமாக இருந்தது.

உடைந்த துண்டைப் பார்த்த கொல்லர் சொன்னாராம்: “உள்ளுக்குள்ள முந்தியே கீறல் உண்டு வே. ஒரு தட்டுத் தட்டியிருந்தா அதுவே சொல்லியிருக்குமே.” பகவதியப்பன் வீட்டுக்கு வந்து சுத்தியலை எடுத்தார். முற்றத்து இரும்பெல்லாம் கணீரென்று ஒலிக்காமல் ‘டொக்கு டொக்கு’ என்றது. ஒன்றுகூடத் தேறவில்லை.

இந்த வருடக் கொடைக்கு முன் தாணுலிங்கம் கூப்பிட்டனுப்பினார். “வே பகவதியப்பா, ஒரே ஒரு குழல் கொண்டாரும். கொடைக்கு முன்ன வெடிச்சுப் பாப்போம். நிண்ணா வெடி உமக்கு. இல்லைண்ணா கொல்லம் பட்டணத்துலேருந்து வெடிக்காரன் வருவான். பெறகு நீரு இந்தப் பக்கம் மருந்தும் கையுமா வரப்பிடாது.”

அந்த ஒரே ஒரு குழல் எங்கே இருக்கிறது என்று பகவதியப்பனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு சிறு வேதக்கோயில், அதாவது கிறிஸ்தவ ஆலயம், உண்டு. மணி வாங்க வசதியில்லாத சபை. வாசல் மாமரத்தில் ஒரு கனத்த இரும்புக் குழலைக் கட்டித் தொங்கவிட்டு, அதையே அடித்து ஆராதனைக்கு ஆள் கூப்பிடுவார்கள். அடிக்கிறவர் ஞானபாய் என்ற விதவை. வண்டியில் போகும்போது அந்த ஓசை கேட்டுப் பகவதியப்பன் மாட்டை நிறுத்தினார். ஓசை இழுத்துக்கொண்டே போனது, தேயவே மாட்டேன் என்றது. “எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டு, கேட்டியளா” என்றார் என்னிடம்.

தேங்காய்ப்பட்டணத்தில் கரையேறிக் கிடந்த பத்தேமாரி என்ற பாய்க்கப்பலின் வெண்கல மணியை வாங்கிக்கொண்டு வந்து, பதிலுக்குக் கதினாவுக்கு அந்தக் குழலைத் தந்தால் போதும் என்று சபையார் முன்னால் வைத்தார். எத்தனை சிப்பம் கருப்பட்டி கொடுத்தார் என்பது தாணம்மாளுக்கு இன்றுவரை தெரியாது. சபையாருக்குத் தலைகால் புரியவில்லை. ஞானபாய் மட்டும் மாமரத்தடியை விட்டு நகரவில்லை.

“சபைக்கு மணி வேணும்ணா எடுக்கட்டு. இந்த இரும்பு எனக்க மாப்பிள்ளைய அடக்கம் பண்ணுனப்பமும் அடிச்சது. இதக் கொண்டுபோயி வெடிக்கவா?”

பகவதியப்பன் தொங்கும் குழலின் அடியைத் தடவினார்.

“பொட்டிப் பிளந்திருமோ?” என்று கேட்டார் ஞானபாய்.

வேறு ஒரு வியாபாரியாக இருந்தால் சத்தியம் செய்திருப்பான். இவர் தலையைச் சொறிந்தார். “எனக்குத் தெரியாது அக்கா. போன வருசமும் பொட்டாதுண்ணுதான் சொன்னேன்.”

ஞானபாய் கயிற்று முடிச்சைக் காட்டினார். “அப்பம் அவுத்துக்கிடும். ஆனா நானும் கூட வருவேன்.”

சொன்னபடியே வந்தார். கொல்லர் குழலின் அடியை அடைத்தபோது பட்டறை வாசலில் நின்றார். அடைத்து முடிந்ததும் சுத்தியலை வாங்கி ஒரு அடி அடித்துப் பார்த்து, “கொஞ்சம் தொண்ட கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சோதனை நாளன்று அம்மன் கோயிலுக்குத் தெற்கே தென்னந்தோப்பில் ஊரே கூடிவிட்டது. எல்லோரும் வெட்டிப் போட்ட தென்னந்தடிகளுக்குப் பின்னால் குனிந்திருந்தார்கள். ஞானபாய் கோயில் எல்லைக்குள் வராமல் வேலிக்கு அப்பால் ஒரு பலாமரத்தடியில் நின்றார். பகவதியப்பன் நீளத் திரிக்குத் தீ வைத்துவிட்டு, தோளில் கிடந்த நேரியல் பறக்க ஓடிவந்து எங்கள் பக்கத்தில் விழுந்தார். நெற்றி தரையில் முட்டியிருந்தது. அம்மனை அத்தனை அருகில் அவர் என்றும் கூப்பிட்டிருக்க மாட்டார்.

வெடித்தது. தென்னை மட்டைகள் நடுங்கின, காக்கைகள் ஒன்று விடாமல் கிளம்பின. புகை விலகியபோது குழல் நின்ற இடத்தில் நின்றது!

“நிக்குடே! நிக்கு!” என்று தாணுலிங்கம்தான் முதலில் கத்தினார். குரவை எழுந்தது. யாரோ பகவதியப்பனைத் தூக்கப் பார்த்தார்கள். அவர் திமிறிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை. போன வருடமும் முதல் வெடிக்குக் குழல் நிற்கத்தானே செய்தது? உள்ளே கீறல் விழுந்ததா இல்லையா என்பதல்லவா கேள்வி.

தட்டிப் பார்க்கலாம். ஆனால் அவருக்குக் காது அடைத்துப்போயிருந்தது. தாணுலிங்கம் பேசுவதுகூட வாயசைவாகத்தான் தெரிந்ததாம். மற்றவர்களுக்குக் காது கேட்டும் பயனில்லை. அந்த இரும்பின் குரல் முன்னால் எப்படி இருந்தது என்று அங்கே யாருக்குத் தெரியும்?

குழல் ஆறும்வரை பொறுத்திருந்தார். பிறகு அதை ஈரச்சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு, ஊர் முழுக்கப் பின்னால் வர, வேலியைத் தாண்டிப் பலாமரத்தடிக்குப் போனார். தாழ்ந்த கிளையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். சுத்தியலைத் துடைத்து இரண்டு கையாலும் ஞானபாயிடம் நீட்டினார்.

ஞானபாய் ஒரு அடி அடித்தார். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். பகவதியப்பனின் கண் அவருடைய முகத்தை விட்டு அகலவில்லை.

“அடைச்சப்பம் இருந்தது மாதிரியே இருக்கு. ஒண்ணும் ஆவல்ல” என்றார் ஞானபாய். அது பகவதியப்பனுக்குக் கேட்கவில்லை என்று உடனே புரிந்துகொண்டார் போலும். மறுபடி அடித்தார். மறுபடி, மறுபடி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அடிக்கிற அதே நிதானத்தில், விடாமல் அடித்தார். ஊர் ஆர்ப்பரித்தது. பகவதியப்பன் காதில் எதுவும் விழாமல், மேலே கிளையில் கட்டியிருந்த கயிற்றை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, அது அதிர்வதை விரலால் கேட்டுக்கொண்டு நின்றார்.