மண்டபத்தை விட்டுப் போகாத பெண்கள்

மணலிக்குப் போகும் டேங்கர் லாரிகள் பள்ளிக்கூட நேரத்தில் எங்கள் தெருவில் வரக் கூடாது என்று மனு கொடுத்தோம். பதில் இல்லை. கூட்டம் போட அனுமதி கேட்டோம். மறுத்தார்கள். அதோடு, தெருமுனையில் நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று தடை உத்தரவும் வந்தது. மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த என்னை ரோட்டுக்கு இழுத்துவந்தது அந்த உத்தரவுதான்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுத் திருவொற்றியூருக்கு வந்தவள் நான். எத்தனையோ வருஷமாகியும் தெருவுக்கு நான் ‘அண்ணாச்சி வூட்டு அக்கா’தான். பருப்பு, எண்ணெய் தாண்டிப் பேச்சு போகாது. அப்படியிருக்க, எதிர்வீட்டு மீன்காரம்மா ஒருநாள் கடைக்கு வந்து கேட்டாள்.

“நாளிக்கு ரோட்ல குந்தப் போறோம். நீயும் வர்றியாக்கா?”

“போலீசுக்காரவ அடிப்பாவளோ?”

“அவுங்க அடிச்சாலும் நாம கை நீட்டக் கூடாது. திட்டக் கூடாது. எழுந்து ஓடக் கூடாது. எனக்குத்தான் பேஜாரு, வாய மூடிகினு குந்தணும்.”

அவள் வாய்க்குக் காசிமேட்டு ஏலக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள்.

மறுநாள் காலையில் தெருப் பெண்களெல்லாம் ரோட்டின் குறுக்கே உட்கார்ந்தோம். லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் தன் வண்டியில் மைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து, “நாலு பேர் சேர்ந்து இருக்கக் கூடாதுன்னு உத்தரவு” என்றார்.

“பஸ் ஸ்டாப்ல தெனம் நாப்பது பேர் நிக்கறோமே சார், அதுக்கு இன்னா உத்தரவு?” என்று மீன்காரம்மா கேட்டாள். அவள் குரல் அத்தனை இனிமையாக இருந்து நான் கேட்டதில்லை. முன்னால் நின்ற லாரி டிரைவர் சிரித்துக்கொண்டே இன்ஜினை அணைத்தார்.

எங்களைத் தூக்கித்தான் வேனில் ஏற்ற வேண்டியிருந்தது. என்னைத் தூக்க வந்த பெண் போலீஸ் காதோரம், “கொஞ்சம் எழுந்திருக்கா, இடுப்பு புடிச்சிக்கும்” என்றாள். பாவமாக இருந்தது. பாதி எழுந்துகொண்டேன். மைக் அண்ணனை மட்டும் தனியாக ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

எங்களை இறக்கியது ஒரு கல்யாண மண்டபத்தில். மத்தியானம் சாம்பார் சாதம் வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி. கரண்டி பிடிக்க வேண்டாம், கடை பார்க்க வேண்டாம். சாப்பிட்டதும் பாதிப் பேர் தரையில் நீட்டிப் படுத்துத் தூங்கினார்கள். மீதிப் பேர் மேடையேறி ஆடினார்கள். எனக்குத் தெரிந்த கும்மியை நான் சொல்லிக்கொடுத்தேன். பாட்டை மெட்ராஸ் பாஷையில் மாற்றிக்கொண்டார்கள்; அப்படித்தான் நன்றாகவும் இருந்தது. நடுவில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“எங்கட்டி இருக்க?”

“கல்யாண மண்டபத்துல.”

“யாருக்குக் கல்யாணம்?”

சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து, “எல்லாரையும் விட்டாச்சு, கிளம்புங்க” என்றார். ஆட்டோ அண்ணன் எங்கே என்று கேட்டோம். அவர் மேல் வழக்காம், இப்போது விட மாட்டார்களாம். எழுந்து நின்ற கூட்டத்தில் முதலில் உட்கார்ந்தவள் நான்தான். எப்படி உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“அவரு வராம நாங்க போவ மாட்டோம்” என்றேன். ஊர்முன் நான் பேசிய முதல் வார்த்தை அது. மீன்காரம்மா என் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அதற்குள் அன்றைய வரவேற்புக்குப் பெண் வீட்டார் பூக்கூடைகளோடு வந்துவிட்டார்கள். மண்டப மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்ணின் அம்மா எங்களிடம் வந்து என்ன ஏது என்று விசாரித்தார். கேட்டு முடித்ததும், “இவங்க பாட்டுக்குக் கீறாங்க, இருக்கட்டும். மொத பந்தியில குந்த வைங்க” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.

சும்மா உட்கார்ந்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நாற்காலி போட்டோம், பூச்சரம் கட்டினோம், வாசலில் கோலம் போட்டோம். மண்டபத்தை விட்டு மட்டும் யாரும் வெளியே போகவில்லை. வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் மேல் ஒரு சின்னப் பெண் பன்னீர் தெளித்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெண்ணின் அம்மா அவரிடம் போய், “மாப்ள வூட்டுக்காரங்க வர்ற நேரம் சார். அந்த ஆள வுட்டாத்தானே இவங்க போவாங்க?” என்றார். அவர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ஆட்டோ அண்ணன் வந்து சேர்ந்தார். கசங்கிய காக்கிச் சட்டையோடு, சீரியல் விளக்குகளைப் பார்த்து வாசலிலேயே திகைத்து நின்றார். யாரோ அவர் கையில் சந்தனம் பூசினார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

சில மாதங்கள் கழித்துத் தெருமுனையில் பலகை வைத்தார்கள்: பள்ளி நேரத்தில் கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சில லாரிகள் இன்னும் மீறி வருகின்றன. நாங்களும் போய் நிற்கிறோம். ஆட்டோ அண்ணன் மேல் போட்ட வழக்கு முடியவில்லை. வாய்தா நாளில் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு எல்லோருமாகக் கோர்ட்டுக்குப் போகிறோம். அவரைக் கூப்பிடுவதற்குள் பெரும்பாலும் சாப்பாடு தீர்ந்துவிடும்.