கலங்கல் பீரில் வெண்ணெய் வாடை

நான் குடிக்கிறவள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதைக் கேட்டால் பாதிப் பேர் இதை நம்ப மாட்டார்கள். ஒன்றரை வருடமாக, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, என் சமையல்கட்டில் பீர் கேன் திறந்திருக்கிறேன். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் தொட்டியில் துப்பியிருக்கிறேன். ஒரு மடக்குகூட உள்ளே போனதில்லை. போயிருந்தாலும் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, அது வேறு விசயம்.

எனக்கு வேலை நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் என்று லாரியில் வருகிற சரக்கு நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மெஷின் இருக்கிறது. ஆனால் மெஷின் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் என் மூக்கு சொல்லிவிடும். ஒரு கை சோளத்தை அள்ளி, பொத்திப் பிடித்து, வாயால் ஊதி மோந்து பார்ப்பேன். உள்ளே பூஞ்சை இருந்தால் அந்தச் சூட்டுக்கு வாடை வெளியே வந்துவிடும். அப்படித் திருப்பி அனுப்பிய லாரிகளின் டிரைவர்கள் எனக்கு மோப்பக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். பூஞ்சைச் சோளத்தைத் தின்று சாகப்போவது கோழிதானே, டிரைவர் இல்லையே.

என் தம்பிக்கு பெங்களூரில் வேலை. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற பீர் விடுதி ஒன்றில் அவன்தான் தலைமை ப்ரூவர், பீர் காய்ச்சுகிற வேலைக்கெல்லாம் பெரிய ஆள். ஒவ்வொரு தொட்டியையும் அவன் மோந்து, ருசி பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அந்த மூக்கை நம்பித்தான் அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு எல்லாம்.

அந்த மூக்கு செத்துப்போனதை அவன் எட்டு மாதம் எனக்குச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தான். என் வீட்டுக்காரர் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற போர் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போயிருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். பால் பொங்கி, வற்றி, பாத்திரத்தின் அடி கருகிக்கொண்டிருக்கிறது. சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இவன் செல்லை நோண்டிக்கொண்டிருக்கிறான்.

"ஏன்டா, பாலு கருகறது தெரியல? மூக்க அடமானம் வெச்சிருக்கியா?"

நான் சும்மா திட்டினேன். அவன் அழுதுவிட்டான்.

"காய்ச்சல் வந்துச்சுல்லக்கா, அதோட போயிருச்சு. ஒண்ணுமே வீசறதில்ல."

"டாக்டர் என்னடா சொன்னாரு?"

"வந்தாலும் வருமாம். வராமப் போனாலும் போகுமாம்."

"இதுக்கு எதுக்குடா டாக்டரு, கிளி ஜோசியக்காரன்ட்ட போயிருக்கலாம். சரி, எட்டு மாசமா வேலைல எப்படிச் சமாளிச்ச?"

"கூட இருக்கற பசங்க மூஞ்சியப் பாப்பேன். அவங்க மூஞ்சியச் சுளிச்சா நானும் சுளிப்பேன்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் கரண்டி இல்லாதது அவன் நல்ல நேரம். குடிக்கிறவன்மேல்கூட எனக்குக் கோபம் வருவதில்லை. பொய் சொல்கிறவனைக் கண்டால்தான் உடம்பெல்லாம் எரியும். நேராகப் போய் முதலாளியிடம் சொல்லு, வேறு வேலை கொடுப்பார் என்றேன். "சொன்னா அன்னைக்கே அனுப்பிருவாங்கக்கா" என்றான். பிறகு, "மூக்கு திரும்பி வர்ற வரைக்கும் நீ மோந்து சொல்லுக்கா, போதும்" என்றான். முடியாது என்று கத்தினேன். அடுத்த முறை அவன் சோற்றுப் பையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு கேனைக் கொண்டுவந்து நிற்கிறான். ஓசூர் செக்போஸ்ட்டைத் தாண்டி இதைக் கொண்டுவருவது குற்றம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வாங்கி ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பின்னால் வைத்தவளும் நான்தான்.

அதற்கு ஹேஸி டபுள் ஐபிஏ என்று பெயராம். என் வாயில் நுழையவில்லை. கலங்கல் என்று வைத்துக்கொண்டேன். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் ஆரஞ்சுச் சாற்றில் பால் விட்டது மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் பிடித்த விரல் தெரியவில்லை.

"கெட்டுப்போனதயாடா கொண்டாந்திருக்க?"

"இல்லக்கா, இது கலங்கித்தான் இருக்கோணும். ஓட்ஸும் கோதுமையும் போடறோம். ஹாப்ஸுன்னு ஒரு பூவு, அதயும் ரெண்டு மடங்கு போடறோம். அதான் டபுளு. போதையும் சாஸ்தி."

டம்ளரை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கி மோந்தேன். முதலில் பழுத்த கொய்யா. அப்புறம் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்த வாசனை. அதற்கு அடியில் பச்சையாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இன்னொன்று இருந்தது. அது என்னவென்று பிடிபடக் கால் மணி நேரம் ஆயிற்று. மாங்காய் பறிக்கும்போது காம்பை ஒடித்தால் பால் சொட்டும், தோலில் பட்டால் பொத்துப்போகும், அந்தப் பால். பனமரத்துப்பட்டிப் பக்கம் பெரியம்மா தோட்டத்தில் அது பட்டு எனக்குக் கன்னம் வெந்திருக்கிறது. வாயில் ஊற்றினால் கஞ்சித் தண்ணீர் மாதிரி நாக்கில் கனமாக உட்கார்ந்தது. கடைசியில் வந்த கசப்பு பாகற்காய்க் கசப்பு இல்லை, எலுமிச்சைத் தோலைக் கடித்த கசப்பு. துப்பிய பிறகும் போகவில்லை.

நான் சொல்லச் சொல்ல அவன் செல்லில் இங்கிலீசில் ஏற்றிக்கொண்டான். என்னென்ன குறை வரும் என்பதையும் சொல்லிக் கொடுத்தான். பழசானால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். அவசரப்பட்டால் வெண்ணெய் வாடை வரும். ஹாப்ஸ் போட்ட பிறகு ஈஸ்ட் மறுபடி முழித்துக்கொண்டு வேலை செய்யுமாம். அது வேலையை முடித்து ஓய்வதற்குள் குளிரவைத்து கேனில் அடைத்துவிட்டால் அந்த வாடை தங்கிவிடுமாம். எனக்கு இது புதிதாகப் படவில்லை. காயாத சோளத்தை அவசரமாக மூட்டை கட்டினாலும் இதே கதைதான்.

இப்படியே ஓடியது. ஒரு நாள் செல்லில் ஒரு படம் காட்டினான். அவர்கள் விடுதியில் கறுப்புப் பலகையில் சாக்பீசில் எழுதியிருந்தார்கள். மாங்காய்க் காம்புப் பால் என்பதை இங்கிலீசில் போட்டிருந்தார்கள். "இதப் படிச்சுட்டு ஆளாளுக்கு ஆர்டர் பண்றாங்கக்கா" என்றான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அன்று மாலை துணி மடிக்கும்போது, வார்த்தை என்னுடையது, பேர் இவனுக்கா என்று ஒரு எரிச்சலும் வந்தது. சொந்தத் தம்பியோடு என்ன போட்டி என்று அதை அடக்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் தம்பியின் முதலாளி எங்கள் வீட்டுக்கு வருவதாக ஆயிற்று. அவர் எங்கள் பக்கத்து ஆள்தான், கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிற குடும்பம். பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகிற வழியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் நாட்டுக்கோழி சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறார். கூடவே காரில் கலங்கல் இரண்டு விதம் வருகிறது, ஒன்று போன மாதத்தது, ஒன்று புதுசு. புதுசை ஒரு போட்டிக்கு அனுப்பலாமா என்று தம்பி எங்கள் வீட்டிலேயே ருசி பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் நாளே வந்துவிட்ட தம்பிக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. அவனே ஒரு திட்டமும் போட்டான். கேனை நான் சமையல்கட்டில் திறந்து ஊற்ற வேண்டும், ஊற்றும்போதே மோந்துவிட வேண்டும். புதுசில் குறை இருந்தால் அவன் தட்டில் அவித்த முட்டை வைக்க வேண்டும். குறை இல்லாவிட்டால் முட்டை கிடையாது.

"நாளைக்கே எல்லாத்தயும் சொல்லிர்றா சாமி" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன்.

"இந்த ஒருவாட்டி மட்டும்க்கா" என்றான்.

இருபது வருடமாக லாரியை மறித்து முகத்துக்கு நேராகச் சரக்கு கெட்டது என்று சொல்கிறவள், என் சொந்த வீட்டில் முட்டை வைத்து சைகை காட்ட வேண்டியதாயிற்று. தலையெழுத்து.

முதலாளி வந்தார். நாற்பது வயது இருக்கும், மரியாதையான ஆள். கேன்களை என்னிடம் கொடுத்துவிட்டுக் கூடத்தில் தம்பியோடு உட்கார்ந்தார். நான் புதுசைத் திறந்து ஊற்றினேன். மூக்குக்குக் கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. கொய்யாவையும் ஆரஞ்சையும் அமுக்கிக்கொண்டு வெண்ணெய் உருக்குகிற வாடை. வாயில் ஊற்றிப் பார்த்தேன், நாக்கில் எண்ணெய் தடவியது மாதிரி வழவழப்பு. துப்பிவிட்டு முட்டையை இரண்டாக அரிந்து அவன் தட்டில் வைத்தேன். கோழி வறுவலோடு இரண்டு தட்டையும் டம்ளரையும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

கூடத்தில் முதலாளி சொல்வது கேட்டது. "தம்பி, உங்க மூக்குக்குக் கோயிலே கட்டலாமுங்க. அந்த மாங்காக் காம்புப் பாலு, அது எங்கிருந்துங்க புடிச்சீங்க?"

"அது தானா வந்துச்சுங்க" என்றான் என் தம்பி.

தானாக வந்ததாம். கன்னம் வெந்தது எனக்கு, தானாக வந்தது அவனுக்கு. கதவோரம் நின்று பார்த்தேன். அவன் முட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பாதி முட்டையை எடுத்து வாயில் போட்டு மென்றான், அடுத்த பாதியையும் போட்டான். டம்ளரை மூக்கருகே ஆட்டி ஒரு மடக்குக் குடித்தான்.

"பிரமாதமா இருக்குதுங்க. போட்டிக்கு இதயே அனுப்பலாம்."

கோயில் கட்டலாம் என்றவரிடம் தன் பீரில் குறை என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை போல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"அனுப்பாதீங்க. வெண்ணெ வாடை அடிக்குது."

முதலாளி சிரித்தார். "அக்காவுக்கு எப்படிங்க தெரியும்?"

"மூக்கு இருக்குதுங்களே" என்றேன். சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று எனக்கு உறைத்தது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து சமையல்கட்டுக்குப் போய் அவரே மூன்று டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. வேறாக இருப்பது எது என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மறுபடி போய் மாற்றி ஊற்றி வந்தார். மறுபடியும் சொன்னேன். நான்கு தரம் பார்த்தார், நான்கு தரமும் தப்பவில்லை. பிறகு இன்னொரு தரம் மாற்றி ஊற்றி வந்து, டம்ளர்களைத் தம்பி பக்கம் நகர்த்தினார். வேறாக இருப்பது எது என்று நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்களும் ஒருக்கா பாருங்க தம்பி."

தம்பி முதல் டம்ளரை எடுத்து வைத்தான். இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதை எடுத்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். கூட வேலை செய்கிற பசங்கள் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவன் இல்லையா, அதே பார்வை. நான் புருவத்தைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும், பிடித்துக்கொண்டிருப்பான். நான் தூக்கவில்லை. கல்லு மாதிரி நின்றேன். முட்டையைத் தின்றாய் அல்லவா, இப்போது சொல்லு பார்க்கலாம் என்று மனசுக்குள் ஒரு குரூரம்.

நடு டம்ளரைத் தொட்டான். அது இல்லை.

முதலாளி டம்ளர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவனே சொன்னான். "எனக்கு வாசனை தெரியாதுங்க. ரெண்டு வருசத்துக்கு மேலாச்சு. இத்தன நாளு எழுதினதெல்லாம் அக்கா சொன்னதுங்க."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டையாகி எப்படியோ முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை. "மூக்கில்லாதவர வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க பீரு காச்சறது. வேற எடத்துல எதாச்சும் சொல்லிப் பாக்கறேன் தம்பி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க வாரீங்களா? மாசத்துல பத்து நாள் வந்தாப் போதுமுங்க. நானே கார் அனுப்பறேன். பலகைல உங்க பேரயே போட்டுக்கலாம்."

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். என் தம்பி சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு எனக்குக் கார் அனுப்புகிறாயா, எழுந்து போ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் மண்ணை அள்ளிப் போட்டது அவர் இல்லையே. வெண்ணெய் வாடைக்காகவா நான் கூடத்துக்கு வந்தேன், இல்லை தானாக வந்தது என்று சொன்னானே, அதற்காகவா? இன்றைக்கு வரைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் குதித்த சந்தோசத்தை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றேன்.

அவர் கிளம்பிப் போனார். தம்பி டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவினான். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஒவ்வொன்றையும் துடைத்துக் கவிழ்த்து வைத்தான்.

"கோவமாடா?" என்று கேட்டேன்.

"நீ வாடை அடிக்குதுன்னு சொன்னதுக்குக் கோவமில்லக்கா. அது நெசந்தான" என்றான். கையைத் துடைத்தான். "அவரு கேட்டப்ப முடியாதுன்னு சொல்லிருவேன்னு நெனச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.