பின்னால் வந்த ஜட்கா

என் கணவர் என்னைவிடக் குட்டை. கல்யாணத்தன்று சர்ச் வாசலில் யாரோ "மாப்பிள்ளை கட்டையன்" என்று சொல்லிச் சிரித்தது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. விளையாட்டுக்குச் சொன்னாலும் அந்த ஒரு சொல்லை அவரால் தாங்க முடியாது, முகம் கறுத்துவிடும். மற்றபடி மாட்டைக்கூட அதட்டத் தெரியாத மனிதர்.

கணியம்பாடிப் பக்கத்துக் காட்டில் ஆவாரம்பட்டை உரித்துக் காயவைத்து, கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றி ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டை வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் நானும் கூடவே போவேன். அவர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார். நான் பாரத்தின்மேல், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

அன்று காலை வேலூரில் ஒரு சந்திலிருந்து குதிரை ஜட்கா ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. எங்கள் வலத்து மாட்டின் கொம்பை உரசிக்கொண்டு போனது. சிவப்புத் தலைப்பாகை கட்டியிருந்த ஜட்காக்காரன், "தூங்கிக்கினே ஓட்றியா?" என்று கேட்டுச் சிரித்தான்.  என் கணவர் அதன்பிறகு வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம், பள்ளிகொண்டா நெருங்கும்போது, பின்னால் ஒரு ஜட்கா வருவதைப் பார்த்தேன். ஓட்டியவர் சிவப்புத் தலைப்பாகை. "காலையில வந்தானே, அவன் வர்றான்" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை நடுரோட்டுக்கு ஏற்றினார்.

ஜட்கா வலப்பக்கம் ஏறி வந்தது. இவரும் வலப்பக்கம் ஒடித்தார். அது பின்வாங்கி மறுபடி வந்தது. மறுபடி மறித்தார். ஜட்காக்காரர் என்னவோ கத்த ஆரம்பித்தார். மாட்டுக் கழுத்து மணிச் சத்தத்தில் முன்னால் இருந்தவருக்கு எதுவும் கேட்கவில்லை.

"இன்னாமே சொல்றான்?" என்று என்னைக் கேட்டார்.

நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். "கட்டையா... நீ..." என்று விட்டுவிட்டுக் காதில் விழுந்தது. மறுபடியும் அதே.

"கட்டையான்னு கூப்பிட்றான்" என்றேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் கோபம். அவரை யாராவது அப்படிச் சொன்னால் அவரைவிட எனக்குத்தான் அதிகம் எரியும். ஜட்காக்காரர் எழுந்து நின்று சாட்டையை எங்கள் பக்கம் நீட்டி ஆட்டினார். அதையும் சொன்னேன். "சாட்டைய ஓங்குறான். வழி விடாதீங்க, நீங்க ஓட்டுங்க" என்றேன்.

அதுவரை மாட்டின்மேல் படாத அவருடைய சாட்டை அன்று பட்டது. மாடுகள் மிரண்டு ஓடின. சிறு பாலம் ஒன்றை நோக்கி ரோடு இறங்குகிற இடம் அது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. வலது சக்கரம் தனியாக உருண்டு போவதைப் பார்த்தேன். அடுத்த நொடி புழுதியில் கிடந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பட்டைக் கட்டுகள் சரிந்து அவர்மேல் விழுந்திருந்தன.

முதலில் ஓடி வந்தவர் அந்த ஜட்காக்காரர்தான். ஒற்றை ஆளாகக் கட்டுகளைப் புரட்டிப் போட்டு அவரை வெளியே எடுத்தார். தன் வண்டியில் வந்த சவாரியை நடுரோட்டிலேயே இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். கிட்டத்தில் பார்த்தபோது அது வேறு முகம். காலையில் குறுக்கே வந்தவன் இளவட்டம். இவருக்குத் தாடி நரைத்திருந்தது.

என் கணவரின் தலை என் மடியில் இருந்தது. பேச்சு இருந்தது, மூச்சுதான் திணறியது. "சாயபு, நீ இன்னா கத்திக்கினு வந்த?" என்று கேட்டார்.

"கடையாணி அண்ணே. சக்கரம் கழலாம புடிக்கிற கடையாணி உங்க வண்டில இல்ல. கடையாணி, கடையாணின்னு எவ்ளோ கத்தினேன். சாட்டையால காட்டினேன்."

தப்பாகக் கேட்டுச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் கையை அழுத்தினார்.

"நான் வேற மாதிரி கேட்டுக்கினேன், சாயபு. என் காதுதான் மந்தம்" என்றார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவர் போய்விட்டார். அந்த மூன்று நாளும் கடையாணியைப் பற்றி அவர் பேசவே இல்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்களா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். மாடுகளைத் தேடிப் பிடித்துத் தன் வீட்டில் கட்டியிருந்தவர் சாயபுதான். தினமும் வந்து வார்டுக்கு வெளியே நிற்பார். அடக்கத்துக்கும் வந்தார். மண் போட்ட பிறகு என்னிடம் வந்து, "இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும் தங்கச்சி. என்னாலதான் ஆச்சு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம், அவரை இழந்தது பாதி, அந்த மனிதரைத் தப்பைச் சுமக்க விட்டது பாதி என்று இரண்டும் சேர்ந்து என்னைத் தின்றன. சோறு இறங்காது. கடைசியில் ஒரு நாள் வேலூரில் சாயபு வீட்டைத் தேடிப் போனேன். அவர் சம்சாரம் மணை போட்டு உட்காரவைத்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அவரு காதுல ஒண்ணும் விழல. நீங்க கட்டையான்னு கூப்பிட்றீங்கன்னு சொன்னவ நான்தான். வழி விடாதீங்கன்னு சொன்னதும் நான்தான்."

சாயபு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லல, தங்கச்சி" என்றார் பிறகு. "மொதல்ல வழி கேட்டுத்தான் கத்தினேன். ரெண்டு தடவ மறிச்சதும் எனக்குக் கோவம் ஜாஸ்தியாயிடுச்சு, திட்டினேன். அப்புறம்தான் சக்கரத்தப் பாத்தேன். பாத்தப்புறமும் அந்தக் கோவத்தோடயே கத்தினேன். ஒரே ஒரு தடவ அண்ணேன்னு கூப்ட்ருந்தா நின்னுருப்பாரு."

நின்றிருப்பார். யார் அப்படிக் கூப்பிட்டாலும் நிற்கிறவர்தான்.  உள்ளே அவர் சம்சாரம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஜட்காவில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார் சாயபு. மறுக்க மனம் வரவில்லை.  கணியம்பாடியில் வீட்டு வாசலில் இறங்கியதும், ஒரு வருஷமாக வராத அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் குதிரையைத் திருப்பவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, நான் எழுந்து உள்ளே போகிறவரை அங்கேயே நின்றார்.