கொத்சு சாப்பிடப் போன ஞாயிறு

பிள்ளைகளே, உங்களில் யாராவது அப்பா அம்மாவைத் திருத்த முயன்றதுண்டா? நான் முயன்றேன். அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் வீடு கடலூர் துறைமுகத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு மார்க்கெட்டில் மீன் கடை. புரட்டாசிச் சனி மாதிரி சில நாட்களை விட்டால் வீட்டில் தினமும் மீன்தான். அந்த வருடம் தைப்பூசத்துக்கு அம்மாவின் தம்பி, என் மாமா, என்னை வடலூருக்கு ஜோதி பார்க்கக் கூட்டிப்போனார். உயிர்க்கொலையும் புலாலும் விட்டவர்களே உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதியிருந்தது. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட சங்கரா மீன் குழம்பு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"எல்லாருந்தான் போறாங்க, வாடா" என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. வெளியிலேயே நின்று கும்பிட்டேன். இனி மீனைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கோ வைராக்கியம் நாளுக்கு நாள் ஏறியது. மீன் வெந்த சட்டி ஆகாது என்றேன். அம்மா எனக்கென்று புதுச் சட்டி வாங்கி வந்தாள். ஒருநாள் மீன் குழம்புக் கரண்டியை மறந்துபோய் என் சாம்பாரில் போட்டுவிட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"ஐயே, கழுவிட்டுத்தாண்டா போட்டேன்!"

நான் கேட்கவில்லை. மறுநாள் என் கரண்டிக் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"மாமா, சாமியாரப் பெத்து வச்சிருக்கீங்க. இனிமே இவன் துன்னூறு பூசினாத்தான் நம்ம கடையத் தொறக்கணும்" என்று மாமா அப்பாவைச் சீண்டுவார். அப்பா சிரிக்கவும் மாட்டார், என்னைத் திட்டவும் மாட்டார்.

கடைசியில், மீன் சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று தட்டோடு தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். அதுவரை ராத்திரிச் சாப்பாடு அப்பாவும் நானும் ஒன்றாகத்தான். "தம்பி, இங்க வந்து ஒக்காந்து சாப்புடேன்" என்று அப்பா இரண்டு மூன்று நாள் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கூப்பிடவில்லை.

சித்திரை வெயில் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய் தேய் என்று தேய்த்துக் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"கெளம்பு. சிதம்பரம் போயி இட்லியும் கத்திரிக்கா கொத்சும் சாப்புட்டு வரலாம். சைவ ஓட்டல்தான். நானும் அதத்தான் சாப்புடப் போறேன்."

மாமா பதறிவிட்டார். "ஞாயித்துக்கெழம கடைய வுட்டுட்டா? ஏவாரம் ஜாஸ்தியா இருக்குற நாளு மாமா!"

"நீ பாத்துக்க மச்சான்."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் எனக்கு. சிதம்பரத்தில், கோயில் வீதிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இலையில் இட்லி விழுந்ததும், சூடாக இருக்கிறதே என்று எனக்குப் பிட்டு வைக்கக் கையை நீட்டினார்.

எலுமிச்சையையும் மீறி அந்தக் கையில் மீன் வாசனை அடித்தது.

நான் இலையைத் தூக்கிக்கொண்டு எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டேன். பரிமாறுகிறவர் வாளியோடு நின்று பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பினார்கள்.

அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "புள்ளைக்கு வேர்க்குதுங்க" என்றார் அவர்களிடம். பிறகு என்னிடம், "அங்கதான் நல்லா காத்து வருது. அங்கயே ஒக்காந்து சாப்புடு தம்பி" என்றார்.

நான் நான்கு இட்லி சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும், அப்பாவும் சைவம் சாப்பிட்டார், பாதி திருந்திவிட்டார் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன்.

அந்த ஓட்டலில் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அது அப்பாவின் தலைக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. எதிரில் வேர்த்து வழிந்தபடி அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.