ஏலக்காரர் திரவியத்தின் தொண்டை

சாலைக் கம்போளம் என்ற பெரிய சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறும் திரவியத்துக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. பேசாமல் இருந்தும் பழக்கமில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து, சந்தையை அடுத்த வலியசாலைக்குக் குடிவந்த நாள் முதல் அவர் தொண்டையால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் அந்தத் தொண்டையே ஓயாமல் வீங்கி அவரைக் காய்ச்சலில் தள்ளியது. டான்சிலை எடுத்தால்தான் சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, எடுத்தும் விட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவர் மனைவி முத்தாரம்மாளிடம் நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார்.

"ஆறின பால், குழைஞ்ச கஞ்சி, அதும் ஆறினதுதான். இளநீர், ஐஸ்கட்டி கொடுக்கலாம். சூடு, எரிவு, புளி, முறுக்கு ஒண்ணும் வேண்டா. நான் சொல்றவரை பேசவும் வேண்டா. மனசிலாச்சா?"

"மனசிலாச்சு," என்று தலையாட்டினாள்.

வண்டியில் ஏறியதும் அவளுடைய சொந்த வைத்தியம் தொடங்கிவிட்டது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு மிளகு ரசம், அதுவும் சுடச்சுட; குளிர்ச்சி பட்டால் ஜன்னி. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் இதுதான் பத்தியம். "பச்சப் புண்ணுலெ ஐஸை வைக்கச் சொல்லுகானே, இவனெல்லாம் ஒரு டாக்டரா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

வீட்டில் திரவியம் வாசலுக்கும் புழக்கடைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அவர் இடத்தில் இப்போது குற்றாலலிங்கம் ஏலம் கூறுகிறான். அவன் குரலும் மோசமில்லை என்று பார்க்க வந்தவர்கள் வேறு முறுக்குப் பொட்டலத்தோடு சொல்லிவிட்டுப் போனார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் வாயைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

மத்தியானம் முத்தாரம்மாள் ஆவி பறக்க மிளகு ரசத்தை நீட்டினாள். அவர் கையை வீசி வீசிக் காட்டினார். சூடு என்று அர்த்தம். அவள் விசிறியை எடுத்து அவருக்கு வீசினாள். தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"ஆமா, தொண்டைக்குத்தான். மடக்குன்னு குடியுங்கோ."

சாலைச் சந்தை முழுவதையும் அதட்டிய மனிதருக்கு வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்கு வழியில்லை. பசி வேறு. குடித்தார். கண் பிதுங்க இருமினார். வேட்டியெல்லாம் ரத்தம்.

மறுபடியும் வண்டி, மறுபடியும் ஆஸ்பத்திரி. ரத்தத்தை நிறுத்திய பிறகு டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "இனி ஒரு தடவை இப்படி ஆனா, இவர் சப்தத்துக்கு நான் உத்தரவாதமில்லை," என்றார்.

அவள் வீடு வந்து மிச்ச ரசத்தைச் சாக்கடையில் கொட்டினாள். அன்றுமுதல் சோடாக்கடைக்கு அவளே போய், மரத்தூளில் பொதிந்த ஐஸை வாங்கி வந்து, உடைத்துச் சில்லுச் சில்லாக அவர் வாயில் போட்டாள். கஞ்சியில் விரலை விட்டுப் பார்த்த பிறகே கொடுத்தாள். "ஐயோ, ஐஸா?" என்று கேட்ட எதிர்வீட்டு ஓமனாவிடம் அவள் எரிந்து விழுந்ததை நான் எழுதப்போவதில்லை.

ஒருநாள், இனிப் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரவியம் வாயைத் திறக்கவில்லை. திறந்து, குரல் வராமல் போனால்? அந்தப் பயத்தில் முன்னைவிட வேகமாக நடந்தார். முத்தாரம்மாள் கெஞ்சினால், நாளைக்கு என்று சைகை காட்டினார்.

அந்த வாரமே வாழைக்குலை மண்டிக்காரர் வேதமாணிக்கம் வாசலில் வந்து நின்றார்.

"குற்றாலலிங்கத்தையே நிரந்தரமா வச்சுக்கிடலாமான்னு எல்லாரும் கேக்காவ. அண்ணாச்சிக்கு இனிச் சத்தம் வருமாம்மா?"

"நாளைக்கே வருவாவ," என்றாள்.

"வந்து? சத்தமில்லாம ஏலம் எப்பிடிக் கூறுகது?"

உள்ளே நடை நின்றது.

"எவம்லே அது, எனக்குச் சத்தம் வராதுன்னு சொல்லுகது?"

முதல் சொல் கரகரத்தது. மீதி தெருக்கோடி வரை போயிற்று. வேதமாணிக்கம் ஓரடி பின்னால் நகர்ந்து சிரித்தார். முத்தாரம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவே, "பையப் பேசுங்கோ, பையப் பேசுங்கோ," என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.